குழிக்குள் இருந்தது நான்தான்

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீடு ராஜபாளையத்தில், அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் தொழில். தினமும் பஸ்ஸில் போய்வருவார். கோர்ட்டை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்தால் என்ன? வீட்டுக்கும் சுமந்துகொண்டு வருவார். தலைவலிக்கிறது என்றால், "காலையில நல்லாத்தான இருந்த?" என்பார். பால் திரிந்துவிட்டது என்றால் அடுப்படிக்கே வந்து எட்டிப் பார்ப்பார். நான் ஒன்று சொன்னால் சொன்னபடி ஒரு தடவையாவது இந்த மனுஷன் நம்ப மாட்டாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த என் தம்பி, லீவுக்கு வந்தபோது ஹாஸ்டலிலிருந்து ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தான். ஜெராக்ஸ் எடுத்த விதிப் புத்தகம். அவன் கதை சொல்லுவான். நாங்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்வது பலிக்குமா என்று பார்க்க உருட்டுகிற, இருபது முகம் உள்ள பகடைக்கு எங்கே போவது? இருபது சீட்டில் எண் எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினோம். நான் வில்லுக்காரி, அவர் வாள் வீரர்.

கதையில் ஒரு மந்திரவாதி மாயக்காட்சிகளை ஏவிக்கொண்டே இருப்பான்.

"அத்தான், மாயத்தீன்னாலும் நம்புனா சுடும்" என்றான் தம்பி. "சந்தேகமா இருந்தா நம்பலைன்னு சொல்லிச் சீட்டு எடுங்க. பெரிய நம்பர் வந்தா மறைஞ்சிரும். ஆனா நெசத்தைப் போயி நம்பலைன்னா அது மறையாது. உங்க முறைதான் வீணாப் போகும்."

இவர் முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கினார். "ஏலே, பதில் மனுவுல ஒரு பாராவை மறுக்காம விட்டாலும் ஒத்துக்கிட்டதா ஆயிரும்" என்றார். எதிரே குதிரை நின்றது. "மறுக்கிறேன்." நிஜக் குதிரை, உதைத்துத் தள்ளியது. சத்திரத்தில் இலை போட்டுச் சோறு வைத்தார்கள். "மறுக்கிறேன்." சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு வீரர் பட்டினி கிடந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறே வலித்தது.

அந்தச் சிரிப்பெல்லாம் நான் குழியில் விழுகிற வரைக்கும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வில்லுக்காரி ஒரு பாழுங்குழிக்குள் வேரைப் பிடித்துத் தொங்கினாள். கயிறு இவரிடம் இருந்தது.

"அத்தான், குழிக்குள்ள இருந்து அக்கா குரல் கேக்கு. இந்த முறை கயிறு போடலைன்னா விழுந்துருவா."

"ஏங்க, நான்தாங்க! போடுங்க!" என்று எதிரே உட்கார்ந்துகொண்டு கத்தினேன்.

"நீ பேசப்படாது. மந்திரவாதி உன் குரல்ல கூப்பிட்டான்னா?"

"சத்தியமா நான்தான்!"

தாடையைச் சொறிந்தார். டம்ளரைக் குலுக்கினார். "மறுக்கிறேன்."

சீட்டில் இருபது வந்தது. இருபது வந்து என்ன, நிஜம் மறையுமா? விழுந்து செத்தேன்.

"கட்டுன பொண்டாட்டி கத்துதேன், சீட்டுக் குலுக்கியா பாக்கிய?" என்று எழுந்து போய்விட்டேன். விளையாட்டுக்குப் போய் இப்படியா என்று தம்பி கெஞ்சினான். எனக்கு அது விளையாட்டாகவே இல்லை. அந்த வாரம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. பால்கோவா வாங்கி வந்தார். தின்பதற்கு மட்டும் வாயைத் திறந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் மட்டும் ஆடினார். நான் அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டு, கேட்காதவள் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீரர் மலையுச்சிக்கு வந்துவிட்டார். விளிம்புக்கு அந்தப் பக்கம், அந்தரத்தில், செத்துப்போன நான் நின்று கையை நீட்டிக் கூப்பிடுகிறேனாம். மாயம் என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அத்தானுக்குக் கஷ்டம் வேண்டாமென்று தம்பி அப்படி வைத்திருந்தான்.

டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினான். இவர் அதைத் தொடவில்லை.

"நம்புதேன்."

"ஐயோ அத்தான், அந்தரத்துல நிக்கா! நம்பிப் போனா விழுந்து செத்துருவிய. மறுங்க!"

"தெரியும்லே. சீட்டை உள்ள வையி. அவ கூப்பிடுதா, நான் போறேன்."

போனார், விழுந்தார், செத்தார். கதையில் இனி ஆளே இல்லை. தம்பி ஜெராக்ஸ் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான்.

"கூறுகெட்ட மனுஷன்" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அழுதியா?"

"வெங்காயம்" என்றேன்.

அப்படியே நம்பிவிட்டார், பாவி.