நடுவில் விட்ட இடம்

எங்கள் வீட்டில் ஓவியர் என்று யாரும் கிடையாது. சின்னம்மா 'கிறுக்குவாள்', அவ்வளவுதான். அம்மாவின் தங்கையான அவர், கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கம்ப்யூட்டர் சில்லுகளைச் சரிபார்ப்பார். பேக்டரி பஸ்ஸில் பினாங்குப் பாலத்தைக் கடந்து எங்கள் சுங்கை பினாங் பிளாட்டுக்கு வந்ததும், முகம் கழுவிவிட்டு, அன்று பார்த்ததை ஒரு கெட்டி அட்டை நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் வரைவார். நாளுக்கு ஒரு படம், கீழே ஒரு வரி. 'கொய்த்தியாவ் நூடுல்ஸ் கடை அங்கிள் இன்றைக்கும் சிரிக்கவில்லை.' 'மழை. பாலத்தைக் காணோம்.'

அந்த நோட்டுகள்தான் என்னைக் கெடுத்தன. பத்து வயதில் நானும் வீட்டுப்பாட நோட்டின் பின்பக்கத்தில் ஒரு படம், ஒரு வரி என்று ஆரம்பித்தேன். லிப்டில் கிடந்த ஒற்றைச் செருப்பைக்கூட விடவில்லை. அப்பாவின் தொப்பையை வரைந்து திட்டு வாங்கினேன். சின்னம்மா மட்டும் ரசித்துப் பார்ப்பார்.

"பாத்தத வரை பாப்பா. கோணலா வந்தாலும் பரவால்ல லா."

அந்த வருடம் அவருடைய படங்கள் மாறின. கொய்த்தியாவ் கடையின் கூரையும் நாற்காலிகளும் இருக்கும். அடுப்பு இருக்க வேண்டிய நடு இடம் வெள்ளையாகக் கிடக்கும். பாலத்துக்கு இரண்டு முனைகள் இருக்கும், நடுப்பாலம் இருக்காது. எனக்கு அது பெரிய கலையாகத் தெரிந்தது. உடனே நானும் நடுவில் ஓட்டை விட்டு வரையத் தொடங்கினேன். பூனை என்றால் காதும் வாலும் மட்டும். டீச்சர் சிவப்பு மையில் 'முடிக்கவில்லை' என்று எழுதினார். பாவம், கலை தெரியாதவர் என்று மன்னித்துவிட்டேன்.

ஒரு ஞாயிறு காலை அந்தப் பூனையைப் பெருமையோடு சின்னம்மாவிடம் காட்டினேன். நோட்டை முகத்தருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நடுவுல ஒண்ணும் தெரியலையே. என்னா வரைஞ்ச?"

"ஒண்ணும் வரையல. உங்கள மாதிரியே விட்டுட்டேன், சின்னம்மா."

அவர் தம்முடைய நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாக விரலால் தடவினார். பிறகு, "யார்கிட்டயும் காட்டாத. அம்மாகிட்டயும்தான். இது நம்ம ரெண்டு பேரு ஸ்டைல் லா," என்றார்.

சத்தியம் செய்து கொடுத்தேன். ரகசியம் காப்பதில் அந்த வயதில் என்னை மிஞ்ச ஆளில்லை. சின்னம்மா ஏன் டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறாள் என்று அம்மா கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. கண் சரியில்லை என்று தெரிந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று அவர் பயந்தது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மூன்று மாதத்தில் பேக்டரி பஸ்ஸின் படியைத் தவறவிட்டு விழுந்தார். முறிந்த கைக்குக் கட்டுப்போடப் போன இடத்தில்தான் கண்ணைப் பார்த்தார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் மிச்சப் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாமாம். அம்மா சமையலறையில் நின்று அழுதார். அந்த மூன்று மாதமும் அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்.

இன்றும் நாளுக்கு ஒரு படம் வரைகிறேன். நடுவைத்தான் முதலில் வரைவேன். கீழே உள்ள வரியைச் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

அவருடைய கடைசி நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. விழுவதற்கு முந்தின நாள் வரைந்த படத்தில் நான் இருக்கிறேன். ரெட்டைச் சடை, ரிப்பன், பள்ளிக்கூட நீலப் பினாபோர். முகத்தை மட்டும் அவர் வெள்ளையாக விட்டிருந்தார். கீழே, ஏறி இறங்கிய எழுத்தில், 'பாப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.'

அன்றைக்கு, எனக்காக விட்டுவைத்த இடம் என்று நினைத்து, என் பேனாவால் கண், மூக்கு, சிரித்த வாய் எல்லாம் வரைந்து நீட்டினேன்.

"நல்லாருக்கா சின்னம்மா?"

"ரொம்ப நல்லாருக்கு," என்றார், என் காதையே பார்த்துக்கொண்டு.

படத்தில் காது சரியாக வரவில்லை போல என்று, அதையும் கொஞ்சம் திருத்திக் கொடுத்தேன்.