நீல டின்னோடு திரும்பிப் போன சந்து

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுத் தரகருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் இருப்பது பினாங்கின் பெருநிலக் கரையில், பத்து காவான் என்ற ஊரில், பதினான்காம் மாடி. கணவருக்கு புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. போன மாதம் ஒரு மாலை, மூன்று வயது மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடி எங்கள் மாடியில் ஆறு கதவுகளைத் தட்டினேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை. கடைசியில் கீழே இருந்த காவலாளிதான் கார் பிடித்துக் கொடுத்தார். (இப்போது நலமாக இருக்கிறாள்.) தீவில் நான் வளர்ந்த ஜார்ஜ்டவுன் சந்துக்கே போய்விடலாம் என்று அன்றே தோன்றியது. அங்கே ஒரு வீடு, மாதம் 1,800 வெள்ளி (ரிங்கிட்), நல்ல அக்கம்பக்கம் என்றார் தரகர்.

போன சனிக்கிழமை காலை 8.30க்கு மகளோடு கிளம்பினேன். பட்டர்வொர்த் படகுத்துறைக்குக் காரில் நாற்பது நிமிடம். படகுக்கு இரண்டு வெள்ளி. அக்கரையில் இறங்கி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வழியாகப் பிள்ளையோடு நடக்க இருபது நிமிடம்.

கையில் ஒரு நீல பிஸ்கட் டின், எதிர்வீட்டு மெய் ஆன்ட்டியுடையது. எங்கள் சந்தில் தீபாவளிக்கு முறுக்கு போகும், சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு வரும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஒன்பது வருடத்துக்கு முன் நாங்கள்தான் நீச்சல் குளத்துக்கு ஆசைப்பட்டு, சந்தை விட்டு அடுக்குமாடிக்கு மாறினோம். அன்று ஆன்ட்டியின் டின் எங்களிடம் காலியாகக் கிடந்தது. தீபாவளிக்கு நிரப்பிக் கொடுக்கலாம் என்றார் அம்மா. கொடுக்கவே இல்லை. இப்போது முறுக்கு நிரப்பி எடுத்துப் போனேன்.

ஆன்ட்டி வீட்டுக் கதவில் எண் பூட்டு. தட்டினேன். மேல் சன்னலில் ஒரு வெளிநாட்டுக்காரர் எட்டிப் பார்த்து, குளியல் துண்டுகளை வாசலிலேயே வைத்துவிடச் சொன்னார்.

“துண்டு குடுக்குறது நான் லா, நீ எங்க என் வேலைக்கு வந்த?” பின்னால் தள்ளுவண்டியோடு செல்வி அக்கா. சந்துக் கோடி வீட்டில் இருந்தவர். வாடகை ஏறியதும் புக்கிட் மெர்தாஜம் போய்விட்டார். இப்போது அதே சந்துக்கு பஸ்ஸில் வந்து சுற்றுலா விடுதிகளாகிவிட்ட வீடுகளைத் துடைக்கிறார். மெய் ஆன்ட்டியை மகன் கோலாலம்பூருக்கு அழைத்துப்போய்விட்டானாம்.

ராத்திரியில் இங்கே யார் இருப்பார்கள் என்று கேட்டேன்.

“பதினோரு வீட்டுப் பூட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். உள்ள இருக்கறவங்க பேரு ஒண்ணும் தெரியாது. ஆறு மணிக்கு நான் பஸ் ஏறிட்டா, உன்னைத் தெரிஞ்ச ஆளு இங்க பூனைதான் லா.”

முறுக்கை அவர் பையில் கொட்டினேன். டின்னை வெறுமையாகத் திருப்பித் தர அவருக்கு மனம் வரவில்லை. தள்ளுவண்டியில் விருந்தினருக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலம் இரண்டை உள்ளே போட்டு மூடிக் கொடுத்தார்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பத்து மணிக்கு முன் வாருங்கள், வெயில் தாங்காது. பெஞ்சில் உட்கார்ந்து நான்கு பேர் பேசுவதுபோல் சந்துச் சுவரில் ஓவியம் இருக்கிறது, படம் எடுக்க வரிசை நிற்கிறது. நாங்கள் உட்கார்ந்த பெஞ்சை எடுத்துவிட்டார்கள். குடிவர நினைப்பவர்கள் இருட்டிய பிறகும் ஒருமுறை வந்து, எத்தனை வீட்டில் சமையல் வாசம் வருகிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

நான் இன்னும் கட்டவில்லை. இக்கரையோ அக்கரையோ, தட்டினால் திறக்கிற கதவுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு தெரிந்தால் சொல்லுங்கள். சின்ன வீடானாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பதில் போடுங்கள்.