எதிர்மலையின் படம்

தென்காசியிலிருந்து பிழைக்க வந்த செண்பகவல்லி, கல்லாறு என்ற மலையடிவார ஊரில் டீக்கடை வைத்திருக்கிறாள். மழை விட்ட ஒரு காலையில் எதிர்மலையைப் போனில் படமெடுத்தாள். கடைச் சுவர் நிறைய அதை மாட்ட ஆசைப்பட்டு, நகரத்தில், தம்பானூரில் படங்களைப் பிரிண்ட் போடும் ஜெஸ்லினுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நேரிலும் போனாள்.

“வாட்ஸ்அப்புல வந்தது சுருங்கிப் போச்சு சேச்சி. பெருசாக்கினா கட்டம் கட்டமாத் தெரியும். ஒரிஜினல் போன்ல உண்டல்லோ?” என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள் ஜெஸ்லின்.

போனைக் கணினியில் இணைத்து அளவைப் பார்த்தவள், “அகலம் எட்டாயிரம் பிக்சல். சுவருக்குத் தாராளமாப் போதும்,” என்றாள். தெளிவு சரிதானா என்று படத்தை விரித்துக்கொண்டே போனவள், புல்சரிவு ஒன்றில் நிறுத்தினாள். பாறைபோல் இருந்த கறுப்புக்குக் காது இருந்தது. அது யானை. அதன் கால்களுக்கிடையே ஒரு குட்டியும் நின்றது.

செண்பகவல்லி திரையருகே குனிந்தாள். “நான் பாத்துக்கிட்டு நிக்கையில இதுகளும் அங்கதான் நின்னுச்சா?”

“நின்னதுகொண்டுதானே படத்துல விழுந்திருக்கு.”

ஜெஸ்லின் மெதுவாகக் கேட்டாள். “யானைய மட்டும் வெட்டிப் பெருசாக்கட்டா?”

“வேண்டாம்மா. மலை முழுசா இருக்கட்டும்.”

படம் கடைச் சுவருக்கு வந்துவிட்டது. அவளோ டீ ஆற்றும் நேரமெல்லாம் வெளியே அந்தப் புல்சரிவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.