அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்

அம்மா ரிட்டயர் ஆகிறாள் என்றால் எங்கள் வீடும் போகிறது என்று பொருள். மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடு, கம்பெனியுடையது. வேலை பார்த்தவர் நின்றுவிட்டால் பிள்ளைகளில் ஒருவர் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுக்க வேண்டும். நான் ஒரே பிள்ளை. கோயம்புத்தூர் ஆபீஸ் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கோட் எழுதுகிறேன். என் சம்பளத்தை நம்பி டவுனில் வாடகை வீடு பார்ப்பதாக முடிவு செய்திருந்தோம். "எம்மக கொழுந்துல கை வைக்க மாட்டா" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அம்மா.

அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது: எல்லோரும் கோட் எடிட்டரில் ஏஐ உதவியாளரைப் போட்டுக்கொள்ள வேண்டும். போடுவது என்ன பெரிய வித்தையா? எக்ஸ்டென்ஷனை இறக்கி லாகின் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் ஜன்னல் திட்டில் லேப்டாப்பை வைத்தால்தான் சிக்னல். மழை வேறு. பாதி இறங்கி நிற்கும், மறுபடி முதலிலிருந்து. ஓடிபி நேரம் முடிந்த பிறகு வந்து பல்லைக் காட்டும். வாயில் வந்தபடி திட்டினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அம்மா அடுப்படியில் இருந்தாள். "ஏட்டி, யார வையிற?" என்றாள்.

ஒருவழியாகப் போட்டு முடித்தேன். ப்ராஜெக்ட் ஃபோல்டரைப் படிக்கலாமா என்று கேட்டது, சரி என்றேன். எங்கள் டீம் எப்படி எழுதும் என்ற விதிகளையும் ஒரு ஃபைலில் எழுதிவைத்தேன். பிறகு, வாரம் முழுக்க நான் மல்லுக்கட்டிய வேலையைத் தமிழிலேயே சொல்லிப் பார்த்தேன். கடகடவென்று எழுதித் தள்ளியது. புரோகிராமை ஓட்டினேன், ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"யம்மா, இங்க வந்து பாரேன்! ஒரு வாரத்து வேலைய டீ குடிக்கிறதுக்குள்ள முடிச்சிருச்சு!"

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். அவளுக்காக இன்னொரு வேலையைக் கொடுத்தேன். வரிகள் தாமாக இறங்கின.

"நீ தட்டலியே?"

"அதுவே எழுதும். நான் சரி பாத்தாப் போதும்."

"நீ பாக்கலேன்னா நின்னுருமா?"

"நிக்காது. ஆனா தப்பு வருமே."

"அப்ப ஒன்னைய எத்தன நாளைக்குட்டி வேலைக்கு வச்சிருப்பான்?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போம்மா" என்று எரிந்து விழுந்தேன். அவள் போய்விட்டாள். நான் லேப்டாப்பை மூடிவைத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவள் காப்பிகூடக் குடிக்காமல் சொன்னாள்: "சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன், எனக்கப்புறம் எம்மக வருவான்னு."

"யாரக் கேட்டுச் சொன்ன?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினேன். "எம்படிப்பு ஒனக்கு வெளையாட்டாப் போச்சா?"

"வேல போனா இன்னொண்ணு தேடலாம்ட்டி. வீட்ட விட்டுட்டா எங்கன போயி நிப்போம்?"

ஆபீஸில் யாரையும் வேலையை விட்டு நிறுத்தப்போவதாகப் பேச்சே இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நிறுத்த மாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லையே.

கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தன் பிளாஸ்டிக் படுதாவை அம்மா எடுத்து வந்தாள். அதன் நாடாவைப் பிரித்தாள். "எந்திரி" என்றாள். எழுந்தேன். நாடாவை என் இடுப்பைச் சுற்றி அளந்தாள். அவள் ஊசி கோத்து அதை என் அளவுக்குத் தைத்து முடிக்கும்வரை நான் அசையாமல் நின்றேன்.