எங்கள் வீட்டு எச்.எம்.

போன வாரம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையின் குளிர்பெட்டி முன்னால் நின்றிருந்தபோது மகள் கேட்டாள், “இது என்னம்மா, இவ்ளோ பெரிய கோழி?” கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளைப் பிளாஸ்டிக் உறைக்குள் காலை மடக்கிப் படுத்திருந்தது ஒரு வான்கோழி. தலை இல்லாததால் எனக்கே அடையாளம் பிடிக்கச் சற்று நேரமானது. “எங்க வீட்டுல கொஞ்ச நாள் இருந்தவரு” என்றேன். மகள் சிரிக்கவில்லை. நீச்சல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்தாள். கதை கேட்க அவளுக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கும் என்று நம்பி ஆரம்பிக்கிறேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வீடு இருந்த தெருவில் காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை வரும். இன்னொரு பக்கமிருந்து அடித்தால் யார் வீட்டிலோ சீரகச் சம்பா வேகும் மணம் வரும். இரண்டையும் நின்று முகர்ந்து பார்க்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அவகாசம் கிடையாது. அப்பா இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய், நன்றாக இருக்கும் மனிதர்களிடம் “நாளைக்கே ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா” என்று பேச்சை ஆரம்பித்து, அவர்கள் வீட்டிலேயே காப்பியும் குடித்துவிட்டு வரும் தொழில். அம்மா பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் வீட்டில் டியூஷன், பகலெல்லாம் பள்ளி, சாயங்காலம் எங்களுடைய வகுப்புகளுக்கு மேற்பார்வை, இடையில் சமையல். அண்ணன் சேவியர் பத்தாவது, நான் எட்டாவது, தங்கை ஜெனி நாலாவது.

பெங்களூரில் இருந்த பெரியப்பா மகன் ஏதோ ஒரு மேடையில் கீபோர்டு வாசிக்கும் போட்டோ தபாலில் வந்த நாளில் எங்கள் தலையெழுத்து மாறியது. ஒரே மாதத்தில் சேவியருக்குக் கீபோர்டும் கராத்தேயும், எனக்கு ஹிந்தியும் பரதநாட்டியமும், ஜெனிக்கு இவற்றில் மிச்சமிருந்த எல்லாமும் என்று முடிவாகிவிட்டது. சமையலறைக் கதவின் உள்பக்கம் அம்மா கட்டம் போட்டு ஒரு டைம்டேபிள் ஒட்டினாள். அதில் ‘விளையாட்டு’ என்றும் ஒரு பீரியடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் மறைக்கல்விக்கும் நடுவில், மாதா கோயிலிலிருந்து வகுப்பறைக்கு நடந்து போகிற நேரம் அது.

வளர்ப்புப் பிராணிகளும் இருந்தன. பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரவேண்டுமானால் வீட்டில் ஓர் உயிரை வளர்க்கவேண்டும் என்று அப்பா எங்கோ படித்திருந்தார். எங்களுக்குப் பொறுப்பு வருவதற்கு முன்பே மீன்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. லவ் பேர்ட்ஸ் கூண்டில் தண்ணீர் வைத்த யாரோ, டான்ஸ் கிளாஸுக்கு நேரமாகிவிட்டதென்று கதவைச் சாத்தாமல் ஓட, அவை சிறுமலைத் திசையில் பறந்தன. ஜிம்மி என்ற நாய் சில மாதங்கள் எங்களைக் கவனித்துப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டது. அந்த வீட்டில் ஒருவரும் கீபோர்டு படிக்கவில்லை. தெருவில் எங்களைக் கண்டால் மரியாதைக்கு வாலை ஆட்டும், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் பழனிச்சாமி வந்தார். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பத்திரிகைகள் பயமுறுத்திக்கொண்டிருந்த வருஷம் அது. தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயி, அப்பாவிடம் பாலிசி போட்டவர். நவம்பரில் ஒரு நாள் பஸ் ஏறி, தோளில் ஒரு சாக்கோடு வந்து நின்றார். சாக்கின் ஓட்டை வழியாக ஒரு நீலத் தலை வெளியே நீட்டி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

“ஏனுங்க சார், கிறிஸ்மஸுக்கு நீங்க இதத்தானுங்க சாப்பிடுவீங்க. சினிமாவுல பாத்தனுங்க” என்றார் பழனிச்சாமி. “இன்னொரு மாசம் தீவனம் போட்டீங்கன்னா நல்லா சதை வெச்சுருமுங்க.”

ஊரில் எல்லாரையும்போல நாங்களும் கிறிஸ்மஸுக்குக் கறியும் பிரியாணியும் தின்கிறவர்கள் என்பதை அப்பா சொல்லியிருக்கலாம். தன் மதத்தைப் பற்றி ஒருவர் இவ்வளவு உயர்வாக நினைத்திருக்கும்போது அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. “ஆமாமா, அதேதான்” என்றார். பழனிச்சாமிக்கு ஒரே சந்தோஷம். அப்படியானால் கிறிஸ்மஸ் அன்று குடும்பத்தோடு வந்து, நீங்கள் அதை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் அதைக் கட்டினோம். கோபம் வந்தால் முகம் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும், மூக்கின் மேல் ஒரு சதை தொங்கும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கும். சேவியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எங்க எச்.எம். மாதிரியே இருக்கு” என்றான். பெயர் நின்றுவிட்டது. அம்மா மட்டும் முதல் வாரம் அப்படிக் கூப்பிடவில்லை. அவள் தன் ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா, பழக்கத்தில் பயம்.

கட்டின கயிற்றை எச்.எம். இரண்டாம் நாளே அறுத்துக்கொண்டது. மறுநாள் மாலை ஹிந்தி சார் வந்தார். ரயில்வேயில் வடக்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒடிசலான மனிதர், எந்நேரமும் கையில் குடை. கொல்லைப் பக்கத் தாழ்வாரத்தில்தான் வகுப்பு. அவர் குடையை மடக்கியதும் அதற்கு என்ன தோன்றியதோ, இறக்கையைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஓடி வந்தது. சார் துணி துவைக்கும் கல்மேல் ஏறிவிட்டார். கடமை தவறாதவர். அங்கே நின்றபடியே எனக்கு இறந்தகாலம் நடத்தினார். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதினேன். எச்.எம். கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து தேர்வுக் கண்காணிப்பாளர் வேலை பார்த்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஜனவரி வரை உடம்பு சரியில்லை.

கீபோர்டு ஆல்பர்ட் மாஸ்டரின் பிரச்சினை வேறு. கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறவர், சேவியரை கிறிஸ்மஸ் விழாவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். பாட்டு மேல் ஸ்தாயிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் கொல்லையிலிருந்து ‘களகளகள’ என்று பதில் வரும். ஜன்னலைச் சாத்திப் பார்த்தார், ஒலியைக் குறைத்துப் பார்த்தார். கடைசியில் பெட்டியை மூடிவிட்டு அம்மாவிடம், “டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. தம்பியவிட அதுக்கு சுருதி நல்லா நிக்குது” என்றார். அவரும் கிறிஸ்மஸ் முடியட்டும் என்று போய்விட்டார். அம்மாவிடம் டியூஷன் படிக்க வந்த பெண்கள், முன்வாசல் வரை அது உலாத்த ஆரம்பித்ததும் பாதியாகக் குறைந்தார்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எங்களுக்கு முதலில் அதன்மேல் பாசமெல்லாம் கிடையாது. வேலைநிறுத்தத் தலைவர்மேல் தொழிலாளிக்கு இருக்கும் நன்றிதான். கராத்தேயும் டான்ஸும் இல்லாத நாட்களில் சாயங்காலம் என்று ஒன்று இருப்பதையே அப்போதுதான் பார்த்தோம். மலைக்கோட்டைப் பாறைக்குப் பின்னால் வெளிச்சம் மங்குவதை மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம் என்பதும், ஜெனிக்குப் பம்பரம் விடத் தெரியும் என்பதும் அந்த டிசம்பரில் தெரியவந்த செய்திகள். எச்.எம். உயிரோடு இருக்கும்வரைதான் இந்தச் சுதந்திரம் என்பதும் தெரிந்திருந்தது. சேவியர் ரகசியக் கூட்டம் போட்டான். “தீவனத்தக் குறைப்போம். எளைச்சுப் போனா வெட்ட மாட்டாங்கடி.” குறைத்தோம். அது இளைக்கவில்லை. நாளுக்கு நாள் கொழுத்தது.

எப்படி என்று ஒரு விடிகாலையில் தெரிந்தது. எங்கள் தெருவில் குடிதண்ணீர் எப்போதோ ஒரு நாள்தான் வரும். அன்று குழாயடியில் முதல் ஆளாக விழித்திருப்பது அம்மாவின் வேலை. அரைப் பரீட்சை பேப்பர்களை மடியில் வைத்துக்கொண்டு, கொல்லை விளக்கின் கீழே துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எச்.எம். தலையணை மாதிரி படுத்திருந்தது. இட்லியைப் பிட்டு அதன் முன்னால் போட்டுக்கொண்டே அம்மா பேசிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

“நேத்தும் எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும் கேக்குது. ‘ஒங்க புள்ளைகளுக்குத்தான் அம்புட்டு கிளாஸ் வைக்கிறீங்களே, எங்க புள்ளைக மட்டும் ஏன் கணக்குல ஃபெயிலு’ன்னு. நான் என்ன சொல்லட்டும்?”

எச்.எம். தொண்டைக்குள் மெல்ல ஏதோ சொன்னது.

“அதான். நானும் ஒண்ணும் சொல்லல. பாத்ரூம்ல போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்துட்டேன்.” ஒரு பேப்பரைத் திருப்பினாள். “செத்த நேரம் உக்காந்தா நல்லா இருக்கும்னு தோணுது. எங்க உக்கார.”

அம்மா கணக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், திட்டிக் கேட்டிருக்கிறேன், ஜெபமாலை சொல்லியும் கேட்டிருக்கிறேன். பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணனிடமும் தங்கையிடமும் நான் சொல்லவில்லை. தீவனம் குறைப்பதை மட்டும் நிறுத்தச் சொன்னேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலையில் அப்பா கறிக்கடைக்காரரை அழைத்து வந்தார். அவர் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்ததும் எச்.எம். வாலை முழுதாக விரித்தது. அவர் ரெண்டடி பின்னால் போனார். “சார், இது மயிலு வகையறா மாதிரி இருக்கு. நாளைக்கு ஃபாரஸ்ட்காரங்க வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?”

“இது வான்கோழிண்ணே. வெட்டலாம்.”

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கை முழுக்க முறுக்கு மாவு. எச்.எம். வாலைச் சுருக்கிக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றது. “நீங்க கெளம்புங்கண்ணே” என்றாள் அவரிடம். அவர் அதற்குத்தான் காத்திருந்ததுபோலப் போய்விட்டார்.

“நாளைக்கு பழனிச்சாமி குடும்பத்தோட வாராரு” என்றார் அப்பா.

“வரட்டும். கோழி போடுவோம்.”

“கேட்டா என்ன சொல்ல?”

“ஊரு பூரா சாவப் பத்திப் பேசி பாலிசி விக்கிறீங்க. ஒரு கோழியப் பத்திப் பேச வராதா ஒங்களுக்கு?”

அப்பாவுக்கு வரவில்லை என்பதுதான் உண்மை. மறுநாள் பழனிச்சாமியும் மனைவியும், ஜெனி வயதில் ஒரு பெண்ணும் வந்தார்கள். கூடத்தில் இலை போட்டுச் சாப்பாடு. அப்பா பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்து, “இதான் அது” என்று பொதுவாகச் சொன்னார். பழனிச்சாமி பக்தியோடு மென்றார்.

“நம்மூருக் கோழியாட்டமே இருக்குதுங்க சார்.”

“வெந்தா எல்லாம் ஒண்ணுதான்” என்றார் அப்பா.

அந்தப் பெண் மட்டும் எதையும் தொடவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சாப்பிடு கண்ணு” என்று அம்மா குனிந்தாள். அப்போது தெருவில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் கொல்லையிலிருந்து ‘களகளகள’ என்று தெளிவாகப் பதில் வந்தது. சேவியர் இருமினான். நான் சொம்பைத் தட்டிவிட்டேன். ஒன்றும் பயனில்லை, சரம் நீளமானது.

பழனிச்சாமி கையை இலையிலேயே வைத்துக்கொண்டு சற்று யோசித்தார். “இன்னொன்னு வாங்கிட்டீங்களாட்ட இருக்குதுங்க” என்றார். எங்களுக்குத் தப்பிக்க அவராகவே ஒரு வழி விட்டார். அப்பா அதில் நுழைய வாயைத் திறந்தார்.

“இல்லைங்க” என்றாள் அம்மா. “அதேதான். வெட்ட மனசு வரல. மன்னிச்சுக்கோங்க.”

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். கை கழுவாமல், வழி கேட்காமல், சத்தம் வந்த பக்கம் ஓடினாள். நாங்கள் பின்னால் போனபோது முருங்கை மரத்தடியில் நின்று, “ராசு, ஏ ராசு” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஹிந்தி சாரைக் கல்மேல் ஏற்றிய எச்.எம்., குட்டி நாய்போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு போய் அவள் பாவாடையில் முகத்தை வைத்தது.

“குஞ்சுல இருந்து இவதானுங்க வளத்தா” என்றாள் பழனிச்சாமியின் மனைவி. “நான் சொன்னேனுங்க, வேண்டாம்னு. சாருக்குப் பெருசா எதாச்சும் குடுக்கோணும்னு இவர் தூக்கிட்டு வந்துட்டாரு. அன்னைக்குப் பூரா புள்ள சோறு திங்கலீங்க.”

பழனிச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் வேறொரு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் கௌரவிக்க ஒரு மாதமாகப் பட்ட பாடு இருவர் முகத்திலும் தெரிந்தது.

அம்மாதான் அந்தப் பெண்ணின் தலையைத் தடவி, “கூட்டிட்டுப் போ கண்ணு” என்றாள். உள்ளே போய் நாலு இட்லியை வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்தாள். “காலையில இதான் சாப்பிடும். பிச்சுப் போடணும். கொஞ்சம் பக்கத்துல உக்காந்து போடு.” பேருந்து நிலையம் வரை நாங்களும் போனோம். பழனி பஸ்ஸில் ஜன்னலோரம் அந்தப் பெண் உட்கார்ந்து, மடியில் சாக்கை வைத்துக்கொண்டாள். சாக்கின் வாயிலிருந்து நீலத் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் எதையோ கேட்க வந்து, அதன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது ஜெனி அழுதாள். அம்மா அழவில்லை, வேகமாக நடந்தாள். மாவு புளித்துக்கொண்டிருக்கும் என்றாள்.

ஜனவரியில் கம்ப்யூட்டர்கள் நிற்கவில்லை, வகுப்புகளும் நிற்கவில்லை. ஹிந்தி சார் உடம்பு தேறி வந்தார், முதலில் கேட்டுக்கு வெளியே நின்று சேவியரை விட்டுக் கொல்லையைச் சோதித்துக்கொண்டு. ஆல்பர்ட் மாஸ்டர் சம்பளத்தைச் சற்று உயர்த்திக்கொண்டார். டைம்டேபிளில் ஜெனிக்குப் புதிதாக அபாகஸ் ஏறியது.

தண்ணீர் வரும் ஒரு விடிகாலையில் நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். அம்மா அதே கல்லில், மடியில் பேப்பர்களோடு இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னடி, ஹிந்தி படிச்சு முடிச்சிட்டியா?”

வான்கோழியிடம் அவள் அப்படியொரு கேள்வியைக் கேட்டதே இல்லை. எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தேன்.

அத்தனை வகுப்புகளும் என்ன ஆயின என்று கேட்பீர்கள். சேவியர் கனடாவில் இருக்கிறான். கீபோர்டு கட்டிலுக்கு அடியில் இருந்து, பிறகு யாருக்கோ போனது. நான் படித்த ஹிந்தி, வடக்கே போகும் ரயிலில் கழிப்பறை எங்கே என்று எழுத்துக்கூட்டிப் படிக்க உதவியது. அங்கே படமும் போட்டிருந்தது. அப்பா போனபின் வீட்டை விற்றுவிட்டோம். முருங்கை, துவைக்கிற கல், குழாயடி எல்லாவற்றின் மேலும் இப்போது கார்கள் நிற்கின்றன, ஒரு மருந்துக்கடைக்கு வருகிறவர்களின் கார்கள். அந்தத் தெருவில் வீட்டுக்குப் பின்னால் மண் தரை என்று எதுவும் மிச்சமில்லை.

அம்மா அதே ஊரில் இரண்டாவது மாடியில் இருக்கிறாள். தண்ணீர் எந்நேரமும் வருகிறது, பேப்பர் திருத்துகிற வேலை இல்லை, உட்கார வேண்டிய மட்டும் உட்காரலாம். தினமும் சாயங்காலம் நான்தான் கூப்பிடுகிறேன். சாப்டியா, புள்ள சாப்ட்டாளா, இன்னைக்கு அவளுக்கு என்ன கிளாஸ் என்று வரிசையாகக் கேட்பாள். வேறு என்னம்மா, சொல்லு என்பேன்.

“ஒண்ணுமில்ல. வைக்கிறேன், ஒனக்கு வேலை கெடக்கும்” என்பாள். வேலை இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுகிறாள்.