ஹால் டிக்கெட்டில் நான் வைத்த பொட்டு

தவறு என்னுடையது என்பதால் இதை எழுத நாலு வருடம் தயங்கினேன்.

உசிலம்பட்டியில் மாடு வளர்க்கிறோம். மகள் பாண்டீஸ்வரி எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு முதல்முறை போனபோது, ஹால் டிக்கெட்டை அம்மன் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டு, அதிலிருந்த அவள் போட்டோவின் நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பினேன். மதிப்பெண் குறைந்துபோனது. "கேள்வி கஷ்டம்மா" என்றாள்.

மறுவருடமும் பொட்டு வைத்தேன். அந்த முறை மதுரைத் தேர்வு மையத்துக்கு நானும் கூடப் போனேன். வாசலில் அவள் பொட்டில்லாத இன்னொரு ஹால் டிக்கெட்டை எடுத்தாள்.

"இது ஏதுடி?"

"போன வருசம் குங்குமம் பரவி, மூஞ்சி தெரியலன்னு வாசல்லயே நிப்பாட்டிட்டாகம்மா. கெஞ்சி உள்ள போறதுக்குள்ள படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. அதான் ரெண்டு பிரிண்ட் எடுத்தேன்."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ சாமிகிட்டயே சண்டைக்குப் போவ. இந்தா, பொட்டு வச்சத நீ வச்சுக்க. வாரேன்."

அவள் வரும்வரை அந்தத் தாளை மடியில் வைத்து அம்மனை வேண்டிக்கொண்டே இருந்தேன். அம்மன் அருளால் தேறினாள். எங்கள் குடும்பத்தில் எம்.பி.ஏ. முடித்த முதல் ஆள் என் மகள்தான்.

இப்போதெல்லாம் குங்குமத்தைப் பிள்ளைகளின் நெற்றியில்தான் வைக்கிறேன், தாளில் வைப்பதில்லை. இதை மற்றத் தாய்மார்களுக்கும் சொல்லுங்கள். என் தவறையும் சேர்த்து, ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்லுங்கள்.