ஸ்டிரெச்சருக்கு ஒரு தாலாட்டு

காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது பாட்டுப் பாடலாமா, கூடாதா? ஒரு வாரமாக யோசிக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

சண்டைக் காலம் அல்லவா... பரமத்தி வேலூரிலும் பெண்களுக்கு முதலுதவி வகுப்பு தொடங்கிவிட்டது. நாமக்கல்லில் போய்ப் படித்துவிட்டு வந்த பாவத்துக்கு, கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில்! வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவர்கள்தான் மாணவிகள். நாளெல்லாம் ஏணியில் நின்று வெற்றிலை கிள்ளுகிறார்கள். விழுந்தால் எலும்பு முறியும். இந்தப் படிப்பு அவர்களுக்கு வேண்டாமென்றால் வேறு யாருக்கு வேண்டும்?

கட்டுப் போடுவதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். நாமக்கல்லிலிருந்து இரவல் வாங்கி வந்த ஸ்டிரெச்சரைப் பிரித்ததும்தான் வகுப்பே இரண்டடி பின்வாங்கியது. இரண்டு மூங்கில், நடுவே துணி, தூக்க நாலு பேர்...

"ஏனுங்க அம்மிணி, உசுரோட இருக்கறவளைப் பாடையிலயா படுக்கச் சொல்றீங்க?" என்றாள் பாவாயி.

"இது பாடை இல்லை, பாவாயி."

"அப்ப நீங்க படுங்க. நாங்க தூக்கறோம்."

படுத்திருக்கலாம். மாமியார் காதுக்குப் போனால்?

அந்த நேரம் பார்த்து என் கைக்குழந்தை வீறிட்டான். தரையெல்லாம் எறும்பு. அவசரத்தில் அவனை அந்தத் துணிமேலேயே கிடத்திவிட்டேன். செய்தது சரியா? இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அழுகிற பிள்ளையை அவர்கள் சும்மா விடுவார்களா? நாலு பேர் தூக்கி ஆட்டினார்கள். ஒருத்தி தாலாட்டு எடுத்தாள். பயல் தூங்கியே போனான்!

"அட, இது தூளிங்க!" பாவாயி அவனை அள்ளி என் மடியில் போட்டாள். "நகரு சாமி, எனக்கும் ஒரு ஆட்டு வேணும்" என்று ஏறிப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தாலாட்டு இல்லாமல் ஸ்டிரெச்சர் நகர்வதில்லை.

போன வாரம் அந்தப் பாவாயியே ஏணியிலிருந்து விழுந்தாள். கால் முறிந்துவிட்டது. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள், காலுக்கு அகத்திக் குச்சி வைத்துக் கட்டி, தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அவள் அதட்டுகிறாள்:

"பாட்டெங்கடி? சும்மா தூக்கிட்டுப் போனா, பாவாயி போய்ச் சேந்துட்டான்னு ஊரே ஒப்பாரி வெக்கும்!"

பாடினார்கள். கடைவீதியே ஒதுங்கி வழிவிட்டது. சிரிக்காதவர் இல்லை. நானும்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"யார் கட்டியது? எலும்பு துளிகூட விலகவில்லை. நன்றாக நடப்பாள்" என்றார் டாக்டர்.

அடுத்த மாதம் பரீட்சை. தேறினால் இரவல் ஸ்டிரெச்சர் எங்கள் ஊருக்கே சொந்தம். புத்தகமோ, சத்தமில்லாமல் தூக்க வேண்டும் என்கிறது. மாணவிகளோ, "பாட்டில்லாம தூக்க மாட்டோமுங்க" என்கிறார்கள்.

நான் யார் பேச்சைக் கேட்பது? உங்களில் யாருக்காவது தெரிந்தால் உடனே எழுதுங்கள். அப்படியே, என் பிள்ளை எதில் தூங்கினான் என்று மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பதையும்!